அப்பா காலமான பிறகு அம்மா எங்கே இருப்பது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியதும், கூடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து பேசத் தொடங்குவார்கள். "இனி அம்மாவைத் தனியா விட முடியாது." அடுத்த அரை மணி நேரத்தில் எல்லாம் முடிவாகிவிடும். சென்னையில் மகன் வீட்டில் ஆறு மாதம், பெங்களூரில் மகள் வீட்டில் ஆறு மாதம். கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிடலாம், நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாம். உள்ளறையில் படுத்திருக்கும் அம்மாவிடம் இது கடைசியில் சொல்லப்படும். அவரும் "உங்க இஷ்டம்பா" என்பார்.

ஐம்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரை இழந்து பதினாறு நாள்தான் ஆகியிருக்கிறது. அந்த நேரத்தில் சொல்லும் "உங்க இஷ்டம்" சம்மதம் ஆகாது. என் சுற்றத்தில் இப்படி எடுக்கப்பட்ட முடிவுகளைப் பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன். பிள்ளைகளுக்கு அம்மா மேல் அக்கறை நிறையவே இருந்தது. யோசிக்க நேரம்தான் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

எழுபத்தைந்து வயதைத் தொட்ட, தனியாகிவிட்ட ஒரு தாய்க்கோ தந்தைக்கோ இன்று தமிழ்நாட்டில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும், எது எங்கே உடையும் என்று பார்ப்போம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தால், தலைத்திவசம் முடியும்வரை அவருடைய வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளைகளும் உறவினர்களும் மாறிமாறிப் போய்த் தங்கட்டும். வீட்டை விற்கிற பேச்சை அந்த ஓராண்டுக்கு எடுக்கவே வேண்டாம்.

அம்மாவால் எது முடிகிறது?

இடத்தைத் தேடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். முதியோர் மருத்துவத்தில் இதற்கு இரண்டு பழைய பட்டியல்கள் உண்டு. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் வெளியிட்ட பட்டியலில் ஆறு வேலைகள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. லாட்டன், பிராடி இருவரும் 1969இல் கொடுத்த இன்னொரு பட்டியலில் எட்டு: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டு வேலை, துணி துவைப்பது, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து வெளியே போய்வருவது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்வது, பணத்தைக் கையாள்வது.

ஒரு நோட்டில் இந்தப் பதினான்கையும் எழுதி, எதை அம்மா தானே செய்கிறார், எதற்கு ஒரு கை வேண்டும், எது முடியவே இல்லை என்று குறித்துப் பாருங்கள். இரண்டாம் பட்டியலில் மட்டும் ஓட்டை என்றால் வீடு மாறத் தேவையே இல்லை. சமையலுக்கு ஆள் வைக்கலாம், மளிகையை வீட்டுக்கே வரவழைக்கலாம், மாத்திரையை வாரத்துக்கான டப்பாவில் போட்டு வைக்கலாம். முதல் பட்டியலில் இரண்டு மூன்று போய்விட்டன என்றால், அவர் எங்கே இருந்தாலும் தனியாக இருக்க முடியாது. அப்போது கேட்க வேண்டியது இடத்தை அல்ல, ஆளை: கை கொடுக்கப் போவது யார், ராத்திரியில் யார்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பா இருந்தவரை பேங்க் வேலையை அவரே பார்த்துக்கொண்டார், அதனால் அம்மாவுக்கு ஏடிஎம் தெரியாது என்பது இயலாமைக் கணக்கில் வராது. சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வார். கணவர் போன பிறகுதான் பாஸ்புக் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த வருடமே பென்ஷன் கணக்கு முழுவதையும் தானே பார்த்த பெண்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, சரியாகக்கூடிய கோளாறுகள். துக்கமே பசியையும் தூக்கத்தையும் ஞாபகத்தையும் கெடுக்கும். பிரஷருக்குக் கொடுக்கும் சில நீர் பிரியும் மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். சோடியம் குறைந்தால் பேச்சு குழறும், ஆள் தடுமாறுவார். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சல்கூட இல்லாமல் திடீர்க் குழப்பம் மட்டும் தெரியலாம். பி12 குறைவும் தைராய்டும் மறதி நோய் போலவே வேஷம் காட்டும். ஒரே வாரத்தில் குழப்பம் வந்தால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும், இல்லத்தைத் தேடி அல்ல. காதும் கண்ணும் அப்படித்தான். கேட்ட கேள்விக்குப் பதில் வராதபோது வீட்டில் மறதி என்று சொல்லிவிடுகிறார்கள், பாதி நேரம் அது காது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழுவின் 2024 அறிக்கை, டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களில் காது மந்தத்தையும் கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவையும் சேர்த்திருக்கிறது. புரை முற்றிப் படி தெரியாமல் நின்ற ஒருவர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தானே கோயிலுக்குப் போய்வருவதைப் பார்க்கலாம். மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் பணம் இல்லாதவர்களுக்கும் இது கிடைக்கிறது.

முடிந்தால் முதியோர் மருத்துவர் ஒருவரிடம் ஒரு முறை முழுமையாகக் காட்டுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் முதியோர் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்தே நமக்கு இந்தத் துறை உண்டு. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்திருக்கிறது. பத்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதில் நான்கைக் குறைத்துக் கொடுப்பதே பெரிய சிகிச்சையாக அமையும்.

சொந்த வீட்டிலேயே

பெரும்பாலான அம்மாக்கள் விரும்புவது இதைத்தான். காரணமும் எளிது. பால்காரர், பூக்காரம்மா, எதிர்வீட்டுப் பெண், செவ்வாய்க்கிழமை கோயில், கொல்லையில் கறிவேப்பிலை மரம் எல்லாம் அங்கே இருக்கின்றன. மயிலாடுதுறையில் தனியாக இருந்த என் அத்தைக்கு ஒரு நாள் காலையில் தலைசுற்றி எழுந்திருக்க முடியவில்லை. வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடப்பதைப் பார்த்துக் கதவைத் தட்டியது பக்கத்து வீட்டுக்காரர்தான். எந்த நகரத்து அபார்ட்மெண்டிலும் அந்தக் கண் கிடைத்திருக்காது.

ஆனால் வீட்டைத் தயார்படுத்தாமல் விட்டால் இந்த வழி ஒரே இரவில் உடைந்துவிடும். 65 வயது தாண்டியவர்களில் ஆண்டுதோறும் 28 முதல் 35 சதவீதம் பேர் கீழே விழுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. இடுப்பெலும்பு முறிந்து படுத்தால் தசை மளமளவென்று கரையும், பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. டெல்டா பக்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைக் கடைசியில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு முற்றம் தாண்டி, நிலைப்படி தாண்டி அங்கே போக வேண்டும். முதல் செலவு இதற்குத்தான்: படுக்கையறையை ஒட்டி ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி, வழுக்காத தரை, உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள், ராத்திரி முழுக்க எரியும் சின்ன பல்பு. இடுப்பு அறுவைச் சிகிச்சைச் செலவோடு பார்த்தால் இது சின்னத் தொகை. இதைச் செய்யாமல் சிசிடிவி கேமரா மட்டும் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அம்மா விழுவதைப் பெங்களூரிலிருந்து பார்க்கத்தான் கேமரா உதவும்.

பிறகு ஆள் வலை. ஒரு சாவி பக்கத்து வீட்டில். காலை எட்டு மணிக்கு ஒரு போன், எடுக்கவில்லை என்றால் யார் போய்ப் பார்ப்பது என்று முன்பே பேசி வைத்த ஒருவர். சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலித் தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் அதில் உண்டு. அந்தப் பகுதிச் சுகாதாரப் பணியாளரின் போன் எண்ணை வாங்கி வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, முதியோர் உதவிக்கு 14567 என்று பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பகலில் கை உதவி தேவைப்படும் கட்டம் வந்தால் ஏஜென்சியில் சொல்லி ஆள் வைப்போம். இங்கேதான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்பப்படுபவர்களில் பலர் நர்ஸ் படித்தவர்கள் அல்ல. குளிப்பாட்ட, நடக்க வைக்க, சாப்பாடு கொடுக்க அவர்கள் போதும். மூக்கு வழியாக டியூப் போட்டு உணவு கொடுக்க, ஊசி போட, படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போட, படித்த நர்ஸ்தான் வேண்டும். எந்த வேலைக்கு யார் என்று சொல்லியே கேளுங்கள். 'இருபத்து நான்கு மணி நேர ஆள்' என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தப் பெண்ணும் தூங்க வேண்டியவர்தான். அம்மா ராத்திரியில் நான்கு தடவை எழுந்திருக்கிறார் என்றால் ஒரே ஆள் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டார். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு ஷிஃப்ட் வேண்டும், செலவும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நீங்கள் கொடுப்பதில் ஏஜென்சி எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, அவர் கைக்கு எவ்வளவு போகிறது, வார விடுமுறை உண்டா, அவர் ஊருக்குப் போனால் மாற்று ஆள் யார் என்பதையெல்லாம் முதல் நாளே கேளுங்கள். அவருக்கென்று ஒரு கட்டில், நம்மோடு ஒரே சாப்பாடு, பெயர் சொல்லி மரியாதையாகப் பேச்சு. அம்மாவின் உடம்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அவரைத் திண்ணையில் படுக்கவைக்கும் வீட்டில் அம்மாவுக்கும் நல்ல பராமரிப்பு கிடைக்காது.

பிள்ளை வீட்டில்

ஊர் உலகம் முதலில் எதிர்பார்ப்பது இதை. நன்றாக அமைந்தால் இதற்கு ஈடில்லை. பேரப்பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் சாப்பிடுவதும், மகன் ஆபீஸ் விட்டு வரும் சத்தம் கேட்பதும் பணம் கொடுத்து வாங்கக்கூடியவை அல்ல.

அமையாத இடங்களையும் சொல்ல வேண்டும். பதினோராம் மாடி ஃபிளாட்டில் காலை எட்டரைக்கு எல்லோரும் கிளம்பிவிட்டால் மாலை ஆறுவரை அம்மா தனிதான். கும்பகோணத்தில் இருந்த தனிமையைவிட இது பெரியது. தட்டினால் திறக்கும் எதிர்வீடு இங்கே இல்லை. பெங்களூர் என்றால் வாட்ச்மேனோடுகூட மொழி தடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு வீடு என்று மாறும்போது மருத்துவரும் மாறுவார், மாத்திரையும் மாறும், ரிப்போர்ட் எந்த வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த முறைவாசல் ஏற்பாடு எனக்கு உடன்பாடானது அல்ல. பிள்ளைகளுக்குள் நியாயம் இருக்கலாம், ஆனால் அம்மாவுக்கு வீடு என்று ஒன்று இல்லாமல் போகிறது.

மகன் வீடு என்று சொன்னாலும், வேலை விழுவது பெரும்பாலும் மருமகள் தலையில். அவரிடம் கேட்காமல் எடுத்த முடிவு நீடிக்காது. டயாப்பர் மாற்ற வேண்டிய நாள் வந்தால் யார் செய்வது, மருமகள் வேலைக்குப் போகலாமா கூடாதா, லீவுக்கு அவர்கள் வெளியூர் போனால் நாத்தனார் வந்து இருப்பாரா என்பதை அம்மா வருவதற்கு முன்பே வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். பணம் அனுப்பும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளும் பிள்ளையும் சமம் என்று நினைக்க வேண்டாம். பார்த்துக்கொள்கிறவருக்கு ஆண்டில் சில வாரங்கள் முழு ஓய்வு கொடுப்பது மற்றவர்களின் கடமை.

அம்மாவுக்கு என்று ஒரு அறை, அவருடைய கட்டில், அவருடைய சாமி படங்கள், அவர் கையில் ரிமோட், இவை இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். அடுப்படியில் அவருக்கும் ஏதாவது ஒரு வேலை இருக்கட்டும். ஆனால் மூன்று வேளைச் சமையலும் பேரனைப் பள்ளியில் விடுவதும் அவருடையதாகிவிட்டால் அது வேறு கதை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த வழி பெரும்பாலும் கிடையாது: விசிட்டர் விசா தற்காலிகமானது, அங்கே மருத்துவச் செலவும் பயமுறுத்தும்.

பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீடு

இந்த வழியை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. நான் மிகவும் நம்புவது இதைத்தான். பிள்ளை இருக்கும் ஊரிலேயே, நடந்துபோகும் தூரத்தில், தரைத்தளத்தில் ஒரு சின்ன வாடகை வீடு. அம்மாவின் அடுப்பு அம்மாவுடையது. மருமகளின் அடுப்பு மருமகளுடையது. மகன் வாக்கிங் போகும்போது ஒரு காபி, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே இடத்தில் சாப்பாடு, ராத்திரி நெஞ்சு வலித்தால் ஐந்து நிமிடத்தில் ஆள். இரு தரப்புக்கும் கதவு சாத்திக்கொள்ளும் உரிமை இருக்கிறது. ஊர் வீட்டை வாடகைக்கு விட்டால் இந்த வாடகையில் ஒரு பகுதி வரும். சென்னை வாடகையை முழுவதும் ஈடுகட்டாது என்பது உண்மைதான். "கூட வைத்துக்கொள்ளாமல் தனி வீடு எடுத்துக் கொடுத்திருக்கிறான்" என்று உறவினர்கள் பேசுவார்கள். பேசட்டும். அம்மா முதல் பட்டியலின் ஆறு வேலைகளையும் தானே செய்கிறவர் என்றால், ஓராண்டு கழித்து ஊரை விட்டு வர அவர் சம்மதித்தால், நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

சீனியர் லிவிங் குடியிருப்பு

முதியவர்களுக்கென்றே கட்டிய இந்தக் குடியிருப்புகள் கோயம்புத்தூரில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் நிறைய வந்திருக்கின்றன. சென்னையைச் சுற்றியும் உண்டு. மெஸ், நர்ஸ், வாக்கிங் பாதை, பஜனை, கேரம், பிளம்பர் எல்லாம் ஒரே வளாகத்தில். 65, 70 வயதில் கணவன் மனைவி இருவரும் நடமாட்டத்தோடு போய்ச் சேர்ந்தால் இது அருமையான வாழ்க்கை. நண்பர்கள் அமைவார்கள், பிறகு ஒருவர் போனாலும் மற்றவரைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். 78 வயதில், கணவரை இழந்த கையோடு தெரியாத நூறு பேருக்கு நடுவே கொண்டுபோய் விடுவது வேறு. சிலர் பழகிக்கொள்கிறார்கள், பலர் அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். பல வளாகங்களில் சைவச் சாப்பாடு மட்டும்தான். வாரத்துக்கு மூன்று நாள் மீன் குழம்பு வைத்த அம்மாவுக்கு அது சின்ன விஷயமே அல்ல.

பணக் கணக்கை உட்கார்ந்து போட வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, சாப்பாடும் பராமரிப்பும் சேர்த்து இன்று மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது ஆண்டில் அது ஏறக்குறைய 60,000. வருமானப் பக்கம் பாருங்கள். அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலிலிருந்து உச்சவரம்பு 30 லட்சம், 8.2 சதவீத வட்டியில் முழுத் தொகையும் போட்டால் மூன்று மாதத்துக்கு 61,500, அதாவது மாதம் 20,500. ஐந்து ஆண்டுக்கு அது அப்படியே நிற்கும், கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். குடும்பப் பென்ஷன் இருக்கிறவர்களுக்குப் பஞ்சப்படி கொஞ்சம் கைகொடுக்கும். இல்லாதவர்கள் எண்பது வயதில் கட்ட முடியாமல் போகும் நிலையை இப்போதே யோசிக்க வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம். இது கிரயமா, நீண்டகாலக் குத்தகையா, டெபாசிட்டா? அம்மாவுக்குப் பிறகு வாரிசுக்கு வருமா, வந்தால் 55 வயதுக்குக் குறைந்த வாரிசு அங்கே குடியிருக்கலாமா? விற்க வேண்டுமென்றால் அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் விற்க வேண்டுமா? பூட்டிக் கிடந்தாலும் முழு மெயின்டனன்ஸ் கட்ட வேண்டுமா? மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019இல் ஓய்வுக்கால வீடுகளுக்கு மாதிரி வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. இது சட்டம் அல்ல, ஆனாலும் நிறுவனத்தாரிடம் அதை எடுத்து வைத்துக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: அம்மாவால் நடக்க முடியாமல் போனால் என்ன ஆகும்? அதே வளாகத்தில் கவனிப்புப் பிரிவு இருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு, அங்கே மாற்றுவதை யார் முடிவு செய்வார்கள்? "அப்போ பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம். நடக்க முடியாத நாளுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

முதியோர் இல்லமும் நர்ஸிங் பராமரிப்பும்

இந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுருங்குகிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன். முதுகில் படுக்கைப்புண்ணோடு சொந்த வீட்டில் கிடப்பதைவிட, நல்ல இல்லத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கப்படுவது மேல். ஆறு வேலைகளில் நான்கைந்து போய்விட்டால், வீட்டில் இரண்டு ஷிஃப்ட் ஆட்களை வைக்க வசதியில்லை என்றால், இதுதான் ஒழுங்கான வழி. ஆதரவற்ற பெண்களுக்காகச் சென்னையில் சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கிய விஸ்ராந்தி, சுனாமிக்குப் பிறகு கடலூரில் ஹெல்ப்ஏஜ் அமைப்பு உருவாக்கிய தாமரைக்குளம் முதியோர் கிராமம் போன்ற இடங்களைப் பார்த்தால், இல்லம் என்பது கைவிடப்படும் இடம் என்ற எண்ணம் மாறும்.

ஆனால் மோசமான இடங்களும் நிறைய. மாவட்டச் சமூகநலத் துறையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் இரவு எட்டு மணிக்குப் போங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள் என்பது அப்போதுதான் தெரியும். மூத்திர வாடை அடிக்கிறதா, காலை பத்து மணிக்கும் எல்லோரும் படுக்கையிலேயே இருக்கிறார்களா, கால் நகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வரவேற்பறையின் சோபாவைவிட அந்த நகங்கள் நிறையச் சொல்லும்.

மறதி நோய் வந்துவிட்டால்

டிமென்ஷியா உறுதியானால் மேலே சொன்ன வரிசை மாறிவிடும். தனி வீடு கிடையாது. சாதாரண சீனியர் லிவிங்கும் சரிவராது. வாசலைத் தாண்டி நடந்து போய்விடுகிறவரைக் கவனிக்க அங்கே ஆள் இருக்காது. இடம் மாற்றினாலே குழப்பம் கூடும், சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார்கள். அதனால் மாற்றுவதாக இருந்தால் ஒரே ஒரு முறை, ஆரம்பக் கட்டத்திலேயே, கடைசிவரை இருக்கக்கூடிய இடத்துக்கு. வீட்டில் வைத்துக்கொண்டால் பகல்நேரப் பராமரிப்பு மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். சென்னையில் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் மறதி நோய்க்காக நடத்தும் டெம்கேர்ஸ் போன்ற அமைப்புகள் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தருகின்றன. அது நோயாளிக்கு எவ்வளவு உதவுமோ அதே அளவு மகளுக்கும் உதவும்.

பத்திரமும் பணமும்

எந்த வழியானாலும் வீடும் பணமும் அம்மா பெயரில் அம்மா கையிலேயே இருக்க வேண்டும். "நான் பார்த்துக்கறேன், எழுதிக் கொடுத்துடுங்க" என்ற பேச்சுக்கு, உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் தான செட்டில்மெண்ட் பத்திரம் எழுத வேண்டாம். உயில் எழுதலாம், அது அவருக்குப் பிறகுதான் செல்லும், மனம் மாறினால் மாற்றவும் முடியும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, நிபந்தனை மீறப்பட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். மகனுக்குத் தாய் எழுதிக் கொடுத்த பத்திரத்தை ரத்து செய்தது செல்லும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தின்படி கேட்கக்கூடிய பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய்தான் உச்சம், அதை நம்பி எந்தத் திட்டமும் போட முடியாது.

பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிவைத்துவிட்டோம், போதும் என்று இருக்க வேண்டாம். எழுதிக் கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்தால் அது செல்லாது. டிமென்ஷியா முற்றிய பிறகு பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அதனால் அம்மா தெளிவாக இருக்கும்போதே நம்பிக்கையான ஒரு பிள்ளையோடு கூட்டுக் கணக்கு, எல்லாவற்றுக்கும் நாமினி, உயில் மூன்றையும் முடித்துவிடுங்கள்.

மருத்துவச் செலவுக்கு, 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கான காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. அம்மாவுக்கு அட்டை எடுப்பது எப்படி, உங்கள் ஊரில் எந்த மருத்துவமனை ஏற்கிறது என்று முதல்வர் காப்பீட்டுத் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். தனியார் காப்பீட்டிலும் 65 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது என்ற நிலை 2024 ஏப்ரலிலிருந்து இல்லை. ஆனால் இவை எல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கைகொடுக்கும். வீட்டில் வந்து பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளமும் டயாப்பரும் நம் பாக்கெட்டிலிருந்துதான்.

ஒத்திகை

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு முறை ஒத்திகை பாருங்கள். மகள் வீடு என்றால் இரண்டு மாதம், திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்து. குடியிருப்பு என்றால் பெரும்பாலான இடங்களில் விருந்தினர் அறை இருக்கும். அம்மாவோடு நீங்களும் ஒரு வாரம் தங்கி, மூன்று வேளையும் அந்த மெஸ்ஸில் சாப்பிட்டு, மாலையில் யார் யாரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பாருங்கள். அந்த வாரம் முழுக்க ஊர் வீட்டுச் சாவி அம்மா கையில் இருக்கட்டும். தங்கிப் பார்த்துவிட்டு அவர் "வேணாம்பா, நம்ம வீட்டுக்கே போயிடலாம்" என்றால், கட்டிய அட்வான்ஸில் கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். கழிப்பறைக் கம்பியை மாட்ட ஆளை வரச்சொல்லுங்கள்.